மதிலுக்கு அப்பாலும் ஒரு வீடு உண்டு

ஐப்பசி அடைமழை தொடங்குமுன் நாம் கூரையைப் பார்க்கிறோம். உடைந்த ஓட்டை மாற்றுகிறோம். மொட்டைமாடியின் மழைநீர்க் குழாயில் அடைத்துக் கிடக்கும் சருகை அள்ளுகிறோம். விதைக் கடலையை ஈரம் எட்டாத இடத்திற்கு மாற்றுகிறோம். மதிற்சுவரையும் வாசற்கதவையும் மட்டும் நின்று பார்ப்பவர் அரியர். அவை வெயிலில் நின்றன, மழையிலும் நிற்கும் என்பது நம் எண்ணம். அந்த எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை ஒவ்வொரு மழைக்காலமும் எங்கோ ஓரிடத்தில் உணர்த்திச் செல்கிறது.

வீடு கட்டுவோரின் வரவு செலவை அறிந்தவர்க்கு இதன் காரணம் விளங்கும். கடன் பெறும்போது அளிக்கும் மதிப்பீட்டில் அடித்தளம், தூண், தளம், மின்னமைப்பு, தரை ஓடு என எல்லாம் வரிசையாக இருக்கும். மதில் பல வேளைகளில் இராது. இருப்பினும் கடைசி வரியில் ஒரு தொகையாக நிற்கும். வீடு முடிந்து, கிரகப் பிரவேசத்திற்கு நாளும் குறித்து, கைப்பொருள் தீர்ந்த பின்னர்தான் மதில் வேலை தொடங்குகிறது. எஞ்சிய செங்கல், எஞ்சிய மணல், எஞ்சிய பணம் ஆகியவற்றைக் கொண்டு எழும் சுவர் அது. பொறியாளர் வரைபடம் அதற்குக் கிடையாது. 'சுற்றுச்சுவர்தானே' என்னும் ஒரு சொல்லே அதன் வரைபடம்.

வீட்டைக் காப்பதற்கென எழுப்பும் வேலியை வீட்டின் உறுப்பாகவே கருதித் திட்டமிட வேண்டும் என்பதும், மழை பெருகும் ஊர்களில் உயரமான மூடிய மதிலை நம் முதல் தெரிவாகக் கொள்ளலாகாது என்பதும் நம் கருத்து. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

நீர் எல்லைக்கல்லைப் பார்ப்பதில்லை

விஜயபுரம், நகரி, நிண்டிரா, பிச்சாட்டூர் ஆகியவை தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் எல்லையூர்கள். 1960ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆந்திரத்திற்கும் அன்றைய சென்னை மாநிலத்திற்கும் இடையே எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி அப்பக்கம் சென்றது. நகரியும் புத்தூரும் இப்பக்கம் நின்றன. மனிதர் வகுத்த அக்கோட்டை ஆறுகள் ஏற்கவில்லை. நகரியாறு எல்லையைக் கடந்து கொசஸ்தலையாற்றுடன் கூடிப் பூண்டி ஏரிக்குச் செல்கிறது. பிச்சாட்டூர் அணை நிரம்பினால் ஆரணியாற்றில் இறங்கும் வெள்ளம் ஊத்துக்கோட்டையைத் தொடுகிறது.

தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் பெய்யும் இப்பகுதியில், மலைச்சரிவில் விழும் நீர் சில மணி நேரத்தில் ஓடைகளை நிரப்பிவிடும். 2021 நவம்பரில் திருப்பதி நகரம் கண்ட வெள்ளத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு ஏற்பட்டதால் அடுத்திருந்த ஊர்களின் மக்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டதும் அந்நாட்களில்தான். ஆண்டு முழுவதும் வறண்டிருக்கும் ஓடையை நம்பி அதன் குறுக்கே மதில் எழுப்பியவர்கள், அது ஓடை என்பதை அந்த ஓர் இரவில் அறிந்தார்கள்.

பெருவெள்ளமே வரவேண்டும் என்பதும் இல்லை. பத்து சென்ட் மனை ஒன்றில் ஓரிரவில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அம்மனையில் விழும் நீர் ஏறத்தாழ 40,000 லிட்டர். நாற்புறமும் துளையின்றிச் சுவர் எழுப்பி, உள்ளே முழுவதும் சிமெண்டுத் தரையும் போட்டுவிட்டால் அவ்வளவு நீரும் எங்கே போகும்? மேட்டு நிலத்திலிருந்து இறங்கி வரும் நீரும் அதனுடன் சேரும். அப்போது மதில், வீட்டைச் சுற்றிய தொட்டியின் சுவராகிவிடுகிறது. தொட்டிக்கென அதனை எவரும் கட்டவில்லை என்பதே இடர்.

சுவரின் எடையும் நீரின் விசையும்

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்பது நன்று. ஒன்பது அங்குலத் தடிப்பும் ஐந்தடி உயரமும் உடைய செங்கற்சுவர், ஒரு மீட்டர் நீளத்திற்கு ஏறத்தாழ 660 கிலோ எடை இருக்கும். அதன் ஒரு பக்கத்தில் ஐந்தடி உயரத்திற்கு நீர் நின்றால், அதே ஒரு மீட்டர் நீளத்தின்மேல் நீர் தரும் பக்கவாட்டு விசை 1,150 கிலோ அளவுக்கு வரும். கான்கிரீட் தூண்களோ இரும்புக் கம்பியோ இன்றித் தன் எடையால் மட்டும் நிற்கும் சுவராயின், அதனைச் சாய்க்க இரண்டரை அடி நீரே போதும். நாலரை அங்குலச் சுவருக்கு ஒன்றரை அடியே அதிகம்.

இங்கே இரண்டு உண்மைகளை மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, சுவருக்குப் பின்னால் நிற்பது பெரிய குளமா குறுகிய வாய்க்காலா என்பது பொருட்டன்று. நீரின் உயரமே விசையைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது, உயரம் இருமடங்கானால் நீரின் சாய்க்கும் ஆற்றல் எட்டு மடங்காகும். ஆகவே மதிலை ஓரடி உயர்த்துவது ஓரடிக்கான செங்கற் செலவோடு முடிவதன்று.

நீருடன் மண்ணும் சேர்ந்தால் நிலைமை மேலும் கடுமையாகும். பள்ளமான மனையை மண் கொட்டி உயர்த்தும் வழக்கம் நம்மிடையே பெருகியிருக்கிறது. அப்போது முன்பே இருந்த சாதாரணச் சுற்றுச்சுவர், யாரும் கேளாமலே மண்தாங்கு சுவராக மாற்றப்படுகிறது. உலர்ந்த மண்ணை அது ஒருவாறு தாங்கும். ஊறிய மண்ணைத் தாங்க அதனால் இயலாது. ஏரிப்பாங்கான களிமண் நிலத்திலோ வேறொரு தொல்லை. நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் அம்மண், ஆழமற்ற அடித்தளத்தை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக அசைத்துவிடும்.

விழுந்த சுவர்கள்

2019 டிசம்பர் 2 அன்று விடியுமுன், கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், தொடர்மழையில் ஊறிய ஏறத்தாழ 20 அடி உயர மதில் சரிந்தது. அதன் மறுபக்கத்தில் இருந்த எளியோர் வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். அது ஒரு தனியார் வீட்டின் சுற்றுச்சுவர். 2014 ஜூலை 6 அன்று, செங்குன்றத்தை அடுத்த உப்பரபாளையத்தில், மழையில் கிடங்கு ஒன்றின் சுற்றுச்சுவர் விழுந்து, அதனை ஒட்டிய குடிசையில் உறங்கிய 11 தொழிலாளர் இறந்தனர். அவர்கள் ஆந்திரத்திலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். 2025 ஏப்ரல் 30 அன்று, விசாகப்பட்டினத்தின் சிம்மாசலத்தில், மழையிடையே புதிதாகக் கட்டிய சுவர் சரிந்து, தரிசனத்திற்கு வரிசையில் நின்ற 7 பேர் உயிரிழந்தனர்.

இம்மூன்றிலும் ஒரு பொதுமை உண்டு. சுவர் எவருடைய காவலுக்காக எழுந்ததோ அவர்மேல் விழவில்லை. அதனருகே வாழவோ உறங்கவோ நிற்கவோ நேர்ந்தவர்மேல் விழுந்தது. மதிலின் உட்பக்கத்திற்குப் பூச்சும் வண்ணமும் தருகிறோம். வெளிப்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பதில்லை. வேலியே பயிரை மேய்ந்தால் என்னாவது என்பது நம் பழமொழி. காவல் ஒருவர்க்கும் கேடு மற்றொருவர்க்குமாக அமையும் வேலியை நாம் என்னென்பது?

எதைத் தெரிவது?

மூடிய மதிலுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களை நாம் எளிதில் தள்ளவில்லை. திருட்டு அச்சம் உண்டு. காட்டுப்பன்றியும் தெருமாடும் தோட்டத்தில் நுழைவதுண்டு. வீட்டுப் பெண்கள் முற்றத்தில் தனிமையுடன் இருக்க விரும்புவது இயல்பு. பக்கத்து மனைக்காரர் ஓரடி நகர்ந்து வந்துவிடுவார் என்னும் கவலையும் பொய்யன்று. ஆயினும் இவற்றுள் எதற்கும் ஏழடிச் சுவர் ஒன்றே மருந்தன்று.

வயலுக்கும் தோப்புக்கும் நம் முன்னோர் கண்ட உயிர்வேலி இன்றும் சிறந்தது. கிளுவைப் போத்துகளை மழைக்கு முன் நெருக்கமாக நட்டால் அவை வேர்பிடித்து வேலியாகும். நொச்சியும் ஆடாதோடையும் ஆடு மாடு தின்னாத செடிகள். உயிர்வேலி வெள்ளத்தை மறிக்காது, மண்ணைப் பிடித்துவைக்கும். அடர்வதற்கு இரண்டு மூன்று ஆண்டு பொறுமையும், ஆண்டுதோறும் கழித்துவிடும் உழைப்பும் அதற்கு வேண்டும். அது வளரும்வரை ஒற்றைக் கம்பி வேலி துணை நிற்கலாம்.

அடுத்தது கல்தூண் நட்டுக் கம்பியோ வலையோ கட்டும் முறை. கருங்கல் மிகுந்த சித்தூர்ச் சீமைக்கு இது மிகப் பொருந்தும். கல் துருப்பிடிக்காது, கரையான் அரிக்காது. தூணின் மொத்த நீளத்தில் நான்கில் ஒரு பங்கேனும், இளகிய மண்ணில் மூன்றில் ஒரு பங்கும் நிலத்துள் இறங்க வேண்டும். மூலைத் தூண்களுக்கும் வாயில் தூண்களுக்கும் சாய்வுக்கால் கொடுப்பது இன்றியமையாதது; கம்பியின் இழுவிசை முழுவதும் அவற்றின்மேல்தான் விழுகிறது.

வீட்டு மனைக்கு நாம் பரிந்துரைப்பது, ஒன்றரை அடி முதல் இரண்டு அடி வரை கல் அல்லது செங்கல் அடிச்சுவரும், அதன்மேல் இரும்புக் கிராதியோ வலையோ அமைந்த வேலியுமாகும். பாம்பையும் மாட்டையும் அடிச்சுவர் தடுக்கும், ஆளைக் கிராதி தடுக்கும். அதன்மேல் மல்லிகையோ முல்லையோ படர்ந்தால் தனிமையும் கிடைக்கும். கிராதி வழியே பார்வை செல்வதால், மதிலுக்குள் குதித்துவிட்ட திருடனைத் தெருவிலிருப்போர் காணவும் முடியும். மூடிய மதில் அவனுக்கும் மறைவிடமாகும் என்பதை நாம் எண்ணுவதில்லை.

முழு மதில்தான் வேண்டுமெனில், அது சுவராக மட்டுமன்றிக் கட்டடமாகவே அமையட்டும். பத்தடிக்கு ஒரு கான்கிரீட் தூண், அத்தூணுக்கு உரிய அடிக்கட்டு, அடியில் தூண்களை இணைக்கும் பீம், நீண்ட சுவரில் ஆங்காங்கே விரிவுக்கான இடைவெளி ஆகியவை வேண்டும். தரைமட்டத்தில் ஐந்தடிக்கு ஒன்றாக நீர்க்கசிவுத் துளைகளும், அவற்றின் பின்னால் மண் அடைக்காதபடி ஜல்லியும் இருக்க வேண்டும். தலைப்பில் இருபுறமும் நீர் வழியும் சாய்வு தர வேண்டும். மேலிருந்து இறங்கும் ஈரமே செங்கலை உள்ளிருந்து தளர்த்துகிறது. ஒரே நாளில் நிறுத்தப்படும் பலகைக் கான்கிரீட் மதில்கள் இன்று எங்கும் பெருகியுள்ளன. அவற்றின் வலிமை முழுவதும் தூண் இறங்கிய ஆழத்தில் இருக்கிறது. வேலை நடக்கும் நாளில் நேரில் நின்று குழியை அளந்து பார்ப்பதே உரிமையாளர் செய்யக்கூடிய பெரிய சிக்கனம்.

துருவும் வாசற்கதவும்

மழை நாட்டில் இரும்புக்கு முதற்பகை துரு. வெறும் இரும்பின்மேல் அடிக்கும் வண்ணம், ஒரு கீறல் விழுந்ததும் தோற்கத் தொடங்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியிலும் குழாயிலும் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. முள்கம்பிக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 278 உண்டு, வாங்கும்போது அதனைக் கேட்டுப் பெறலாம். ஆனால் ஜி.ஐ. குழாயை வெல்டிங் செய்யும் இடத்தில் பூச்சு எரிந்துபோகும். அவ்விணைப்பைத் தேய்த்துத் துப்புரவாக்கித் துத்தநாகம் மிகுந்த பிரைமர் பூசாவிடில், முதல் துரு அங்கேதான் தோன்றும். குழாய்த் தூணின் தலையை மூடுவதும், அடியில் சிறு துளை விடுவதும் வேண்டும். உள்ளே தேங்கும் நீர் வெளியே தெரியாமல் அரிக்கும். தூண் மண்ணைத் தொடும் இடமே மிக விரைவில் அழியும் இடம். ஆதலால் அங்கே கான்கிரீட்டைத் தரைக்கு இரண்டங்குலம் மேலே எழுப்பி, நீர் விலகி ஓடும் சாய்வு கொடுக்கச் சொல்லுங்கள்.

வாசற்கதவு பொலிவாக இருக்க வேண்டுமென்று கனத்த தகடு முழுவதும் அடைத்த கேட்டை வைக்கிறோம். புயற்காற்றில் அது பாய்மரம்போல் நிற்கும். அதன் எடை கீல்களையும், கீல்கள் தூணையும் இழுக்கும். மழைக்குப் பின் கேட் தரையில் உரசுவது, தூண் சாயத் தொடங்கியதன் முதல் அறிவிப்பு. பலர் அப்போது கேட்டின் அடியை அறுத்துவிடுகின்றனர். அது நோயை விட்டுவிட்டு வலியை மட்டும் அடக்குவதாகும். கேட் தாங்கும் தூணுக்கு மதிலைச் சாராத தனி அடிக்கட்டு வேண்டும். காற்றும் நீரும் புகும் கிராதிக் கதவு, கீழே நான்கங்குல இடைவெளி, எண்ணெய் இடக்கூடிய கீல்கள் ஆகிய இம்மூன்றும் இருந்தால் கேட் நெடுநாள் நிற்கும். சறுக்குக் கேட் வைப்போர் அதன் தண்டவாளம் மழைமண்ணால் அடைபடும் என்பதை நினைவிற்கொண்டு, அருகே நீர் வடியும் வாய்க்காலும் அமைக்க வேண்டும்.

மழைக்காலத்தில் கேட் தூண் விளக்குகள் வேறோர் ஆபத்து. நனைந்த இரும்புக் கதவில் மின்கசிவு ஏற்பட்டால் முதலில் தொடுவது பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தையாக இருக்கலாம். வெளிவிளக்குக் கம்பிகளுக்கு 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்பானும், முறையான எர்த்தும் கட்டாயமெனக் கொள்ளுங்கள். பன்றிக்கு அஞ்சி வயல்வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம். அது உழவரையும் யானையையும் ஒருங்கே கொல்வது. விட்டுவிட்டுத் துடிக்கும் குறைந்த ஆற்றலுடைய சூரிய மின்வேலி வேறு, மின்கம்பத்திலிருந்து இழுக்கும் கம்பி வேறு.

ஆவணமும் காப்பீடும்

எல்லைத் தகராறுக்கு அஞ்சி மதில் எழுப்புவோர்க்கு ஒன்று சொல்வோம். மதில் ஒருநாளும் பத்திரமாகாது. சர்வேயரைக் கொண்டு அளந்து, அளவைக்கற்களை உறுதிசெய்து, பக்கத்து மனைக்காரர் முன்னிலையில் கோடு போட்ட பின்னரே கடைக்கால் தோண்டுங்கள். தவறான இடத்தில் எழுந்த உறுதியான மதிலைவிட, சரியான இடத்தில் நின்ற எளிய வேலி பெருமதிப்புடையது. ஓடைப் புறம்போக்கு ஓரடிகூட உள்ளே வரலாகாது.

நீரின் வழியை மறிப்பதில் சட்டமும் தன் கருத்தைக் கூறியிருக்கிறது. 1882ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டம், மேட்டு நிலத்தில் விழும் நீர் இயல்பாகத் தாழ்ந்த நிலத்திற்கு வழிந்தோட விடப்படுவது மேட்டு நிலத்தாரின் உரிமை என்கிறது. அச்சட்டம் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்திற்குப் பொருந்துமாறு இயற்றப்பட்டது. சித்தூர் அம்மாகாணத்தில் இருந்த மாவட்டம் என்பதை இங்கே நினைவூட்டத் தேவையில்லை.

காப்பீடு பற்றியும் சில சொற்கள். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுவான வீட்டுக் காப்பீட்டில், வீட்டுக் கட்டடம் என்பதனுள் சுற்றுச்சுவர், வேலி, கேட், மண்தாங்கு சுவர் ஆகியவையும் அடங்கும். புயலும் வெள்ளமும் அதில் இடம்பெறும் இடர்கள். ஆனால் நிலம் அமிழ்ந்தோ மண் சரிந்தோ ஏற்படும் சேதத்திற்குக் குறையுள்ள வடிவமைப்போ தரமற்ற வேலையோ காரணமாயின், அதற்கு இழப்பீடு கிடையாது. காப்பீட்டுத் தொகையை முடிவுசெய்யும்போது மதிலின் மதிப்பையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறோமா என்று பாலிசியை எடுத்துப் பார்ப்பது இவ்வாரமே செய்யத்தக்க வேலை.

கடனுக்கு விண்ணப்பிப்போர் மதிலுக்கும் கேட்டுக்கும் ஆகும் செலவை முதல் மதிப்பீட்டிலேயே பொறியாளரிடம் கேட்டுச் சேர்த்துவிடுங்கள். பணம் போதாதெனில் உயரத்தைக் குறையுங்கள். அடித்தளத்தையும் நீர்வழியையும் குறைக்காதீர்கள். அலங்காரக் கேட் அடுத்த ஆண்டு வரலாம். நீர்க்கசிவுத் துளையைச் சுவர் எழுந்த பின் இடுவது கடினம்.

ஏற்கெனவே மதில் உள்ளவர்கள் மழைக்கு முன் ஒருமுறை அதனைச் சுற்றி நடந்து பாருங்கள். தூக்குக்குண்டு நூல் கொண்டு நேர் பாருங்கள். நீளவாட்டில் ஓடும் விரிசல், வெளியே தள்ளிய வயிறு, அடியில் அரிபட்ட மண், அடைபட்ட துளை ஆகியவற்றுள் ஒன்றேனும் கண்டால் பொறியாளரை அழையுங்கள். அவர் வரும்வரை மதிலோரம் எவரும் உறங்கவோ வண்டி நிறுத்தவோ விடாதீர்கள். இந்த நடையில் பாதி, மதிலின் வெளிப்புறமாக இருக்கட்டும். அங்கே குடிசையோ கடையோ இருந்தால் அதிலுள்ளவரிடம் நின்று பேசுங்கள். சுவரில் எந்த இடத்தில் ஈரம் கசிகிறது என்பது நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.